மென்பவளத்தைப் பார்த்து வாங்கி, வாடாமல் வளர்க்க: குமரி எல்லைப்பக்கத்துப் புதியவர்களுக்கு

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கம் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் இப்போது கூடிக்கொண்டே வருகிறார்கள். கோமாளி மீன் இரண்டு வாங்குவதோடு ஆரம்பிக்கிறது. சில மாதங்களில் பவளம் வேண்டும் என்று மனம் கேட்கும். அப்போது முதலில் கைக்கு வருவது மென்பவளம், கடைக்காரர் வாயில் சாஃப்ட் கோரல். புதியவர்களுக்கு இதுவே சரியான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. கல் எலும்புக்கூடு கட்ட வேண்டிய வேலை இதற்கு இல்லை. கால்சியம், காரத்தன்மை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் தாங்கும். தண்ணீரில் மீன் கழிவின் சத்து சற்று இருந்தால் இன்னும் நன்றாகவே வளரும்.

ஆனால் எது மென்பவளம், எது இல்லை என்று தெரியாமல் வாங்கக் கூடாது. வைக்கும் இடம், கொடுக்கும் வெளிச்சம், கை வைக்கும் விதம் எல்லாமே இனத்துக்கு இனம் மாறும். நம் நாட்டில் சட்டமும் இதில் இருக்கிறது. அதனால் அடையாளம் காண்பதில் இருந்தே தொடங்குகிறேன்.

முதலில்: கடையில் நின்று பாருங்கள்

திருவனந்தபுரத்துக் கடைக்குப் போனாலும் சரி, நாகர்கோவிலில் நண்பர் தொட்டியில் இருந்து துண்டு வாங்கினாலும் சரி, கண்ணாடிக்கு முகத்தை நெருக்கி ஐந்து நிமிடம் பாருங்கள். பவளத்தின் மேல் விரிந்திருக்கும் சின்னச் சின்னப் பூக்கள் ஒவ்வொன்றும் ஓர் உயிர், பாலிப் என்பார்கள். உண்மையான மென்பவளமாக இருந்தால் ஒரு பாலிப்பில் எட்டு இதழ் இருக்கும். பெரும்பாலான இனங்களில் இதழின் இரு ஓரத்திலும் இறகில் உள்ளது மாதிரி மெல்லிய கிளைகள் ஓடும். பாலிப் பெரிதாக இருந்தால் வெறும் கண்ணிலேயே தெரியும். சிறிதாக இருந்தால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

லெதர் என்று விற்கப்படுபவை மூன்று நான்கு இனங்கள். தண்டும் அதன் மேல் விரிந்த தட்டைத் தொப்பியும் இருந்தால் அது சார்கோஃபைட்டன். தொப்பி முழுக்க நீளமான பாலிப்கள் நிற்கும். அவற்றுக்கு இடையே ஊசிமுனை அளவில் இன்னொரு வகை பாலிப்பும் புள்ளி புள்ளியாகத் தெரியும். தடித்த விரல்களும் மடிப்புகளும் மேலே எழும்பி, அதிலும் இந்த இரண்டு வகை பாலிப்பும் தெரிந்தால் லோபோஃபைட்டம். விரல் விரலாகக் கிளைத்து, ஒரே வகை பாலிப் மட்டும் இருந்து, தொட்டால் சொரசொரப்பாக இருந்தால் சினுலேரியா. சொரசொரப்புக்குக் காரணம் சதைக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள். கிளாடியெல்லாவைக் கண்டுபிடிக்க எளிய வழி, மெல்லத் தொட்டுப் பார்ப்பதுதான். பழுப்பு பாலிப்கள் உள்ளே போய்விடும், தொட்ட இடம் வெளுத்துத் தெரியும், சற்று நேரத்தில் பழுப்பு திரும்ப வரும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டே தொடுங்கள்.

ஸீனியாவைத் தப்பவே விட முடியாது. பாலிப்கள் கை விரித்து மூடி விரித்து மூடித் துடித்துக்கொண்டே இருக்கும். கென்யா ட்ரீ என்று விற்பது கேப்னெல்லா. சின்ன மரமாக நின்று, தானே கிளைகளை உதிர்த்து, அவை விழுந்த இடத்தில் புதிதாக வளரும். ஜி.எஸ்.பி. (கிரீன் ஸ்டார் பாலிப்) என்பது பிரையேரியம்: ஊதா நிறத் தோல் பாயாகப் பாறையில் படர்ந்திருக்கும், அதிலிருந்து பளிச்சென்ற பச்சை பாலிப்கள் எழும்பும். க்ளோவ் பாலிப் அதைவிடப் பெரிய பூ, இதழ் ஓரத்தில் கிளைகள் நன்றாகவே தெரியும்.

மஷ்ரூமும் ஜோவாவும் மென்பவளக் கூட்டத்தோடு விற்கப்பட்டாலும் உயிரியல்படி வேறு கிளை. எட்டு இதழ்க் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது. மஷ்ரூம் தண்டு தெரியாமல் பாறையோடு ஒட்டிய வட்டம். மேற்பரப்பு வழுவழுப்பானால் டிஸ்கோசோமா, முடிச்சு முடிச்சாக இருந்தால் ரோடாக்டிஸ். ஜோவாவில் பொத்தான் அளவு வட்டமும் விளிம்பில் இரட்டை வரிசை இழைகளும் இருக்கும். அதிலேயே பெரிதாக, பழுப்பு பச்சையாக, தண்டில் மணல் பதிந்த தோலோடு இருந்தால் பேலித்தோவா. இந்தப் பெயரை மறக்கக் கூடாது, காரணம் பின்னால் வருகிறது.

பாறையோடு இலவசமாக வரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழுப்பாக, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் உடம்போடு, நீண்ட இழைகளோடு ஒற்றையாக நிற்கும். தொட்டால் நொடியில் ஓட்டைக்குள் மறையும். அது ஏப்டேசியா. அழகாக இருக்கிறதே என்று விட்டால் தொட்டி முழுக்கப் பெருகி, பக்கத்தில் உள்ளதை எல்லாம் கொட்டும். அந்தத் துண்டை வாங்காதீர்கள்.

சட்டம் தெரிந்து வாங்குங்கள்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001-ல் முதல் அட்டவணைக்குள் பவளங்கள் சேர்க்கப்பட்டன. கல் எலும்புக்கூடு கட்டும் கடின பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், ஆர்கன் பைப், ஃபயர் கோரல், கடல் விசிறி ஆகியவை அதில் வருகின்றன. பிடிப்பது, விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம்.

புதியவர் ஏமாறும் இடமும் இதுதான். டார்ச், ஹேமர், கோனியோபோரா மூன்றும் தண்ணீரில் மெத்தென்று ஆடும். பார்த்தால் மென்பவளம் என்றுதான் நினைப்போம். அடியில் பாருங்கள்: சதைக்குக் கீழே கல் எலும்புக்கூடு இருக்கும். அவை கடின பவளம். ஆர்கன் பைப்பின் பாலிப் விரிந்திருக்கும்போது க்ளோவ் பாலிப் என்றே தோன்றும். மூடியதும் கீழே சிவப்புக் குழாய்கள் அடுக்கடுக்காகத் தெரியும். கடல் விசிறிக்கும் எட்டு இதழ் பாலிப்தான், உண்மையில் மென்பவளத்தின் நெருங்கிய உறவு. இருந்தாலும் பட்டியலில் உள்ளது. ஆகவே பாலிப்பை மட்டும் பார்க்காமல் அது எதன் மேல் நிற்கிறது என்பதையும் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

கடலில் இருந்து எடுத்த பவளக்கல்லும் வேண்டாம். செத்துப்போன கல்தானே என்பது சமாதானம் ஆகாது. செயற்கைப் பாறையும் பீங்கான் கல்லும் கிடைக்கின்றன, அவற்றில் நல்ல பாக்டீரியா தாராளமாகக் குடியேறும். தொட்டியைச் சுத்தம் செய்ய என்று யாராவது கடல் அட்டை கொடுத்தால் அதையும் மறுத்துவிடுங்கள், அதுவும் முதல் அட்டவணை உயிர். மென்பவளத்தைக்கூட தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய துண்டாகவே கேட்டு வாங்குங்கள். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. நம் வரவேற்பறைக்காக அங்கிருந்து இன்னும் ஒரு துண்டு போகக் கூடாது.

கடல் உயிர்களை நேரில் பார்த்துப் பழக வேண்டும் என்றால் விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் காட்சித் தொட்டிகள் இருக்கின்றன. இங்கிருந்து அரை நாள் பயணம்கூட இல்லை.

தொட்டியும் தண்ணீரும்

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இதற்குக் குறைத்து ஆரம்பிக்காதீர்கள். விளிம்பு வரை கணக்கிட்டால் 190 லிட்டர். பாறை, மணல் போக 160 லிட்டர் தண்ணீர் நிற்கும். சிறிய தொட்டி மலிவு, ஆனால் அதில் சூடும் உப்பும் சட்டென்று மாறும்.

கடல் அரை மணி நேரத்தில் இருக்கிறது, ஒரு கேன் எடுத்து வந்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் கலக்கிறது, மழைக்காலத்தில் அங்கே உப்பு அளவு எங்கே நிற்கும் என்று சொல்லவே முடியாது. துறைமுகப் பக்கம் டீசல் மிதக்கும். மணலும் அப்படித்தான். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட் போன்ற கன கனிமங்கள் உள்ளன. அந்தக் கருமணல் காந்தத் துடைப்பானில் ஒட்டினால் கண்ணாடி முழுக்கக் கீறல் விழும். கடையில் விற்கும் அரகோனைட் மணலே சரி.

கிணற்று நீரையும் நேராக ஊற்றக் கூடாது. ஆர்.ஓ. வடிகட்டியும் அதன் பின்னால் மிச்ச உப்புகளையும் பிடிக்கும் டி.ஐ. குழாயும் போட்டு, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வந்த தண்ணீரில் ரீஃப் உப்பை, அதாவது பவளத் தொட்டிக்கென்று விற்கும் உப்பைக் கலக்குங்கள். ஒரு லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் பிடிக்கும். ஒப்படர்த்தி 1.026, அதாவது ஆயிரத்துக்கு 35. இதை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதற்கென்று விற்கும் 35 அளவுத் திரவத்தில் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உப்பு கலந்து, பாறை வைத்து, பாக்டீரியா ஊற்றியதும் நாலு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நின்ற பிறகுதான் முதல் உயிர். பவளத்துக்கு மேலும் ஓரிரு மாதம் கொடுத்தால் நல்லது.

ரப்பர் தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்த்து வைக்கிற வீடாக இருந்தால் தொட்டி அந்த அறையில் இருக்கக் கூடாது. கையை நன்றாகக் கழுவாமல் தண்ணீரில் விடவும் கூடாது. கொசு மருந்து ஸ்ப்ரேயும் தொட்டி அறையில் வேண்டாம், மீனுக்கும் பவளத்துக்கும் அது விஷம்.

சூடு: நம் பக்கத்தின் பெரிய சிக்கல்

தொட்டி 24-ல் இருந்து 27 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 28 வரை தாங்கும். 30-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால், பவளத்தின் சதைக்குள் குடியிருந்து அதற்கு உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசி வெளியேற ஆரம்பிக்கும். பவளம் வெளுத்து, பட்டினியாகும்.

மார்ச் முதல் மே வரை கான்கிரீட் வீட்டில் மதியம் அறையே 32, 33 காட்டும். தரைத்தளத்தில், வெயில் விழாத சுவர்ப் பக்கம் தொட்டியை வையுங்கள். விளக்கை மாலை 3 மணிக்குப் போட்டு இரவு 11-க்கு அணையுங்கள். வெளிச்சத்தின் சூடு மதியச் சூட்டோடு சேராது. தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் காற்றில் ஈரம் ஏற ஏற நீர் ஆவியாவது குறையும், விசிறியின் பலனும் குறையும். மழைக்கு முன்னால் புழுங்கும் நாட்களில் இதை நன்றாகவே பார்க்கலாம். அந்த நாட்களிலும் 28-க்குள் நிறுத்த முடியவில்லை என்றால் சில்லர், அதாவது தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி, வாங்காமல் வழியில்லை. அதற்குப் பணம் ஒதுக்கிய பிறகு பவளத்துக்கு ஒதுக்குங்கள்.

விசிறி ஓடும் தொட்டியில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகலாம். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கும். 160 லிட்டரில் தினம் மூன்று லிட்டர் என்று ஐந்து நாள் கவனிக்காமல் விட்டால் 35-ல் இருந்த உப்பு 38-ஐத் தாண்டிவிடும். ஆகவே தினமும், முடிந்தால் காலையும் மாலையும், உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். தானாக ஊற்றும் கருவி கிடைக்கிறது, வெளியூர் போகிறவர்களுக்கு அது அவசியம்.

இடி மழையில் கரண்ட் போனால் முதல் கவலை ஆக்சிஜன். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டாரான வேவ் மேக்கர் ஒன்றையாவது இன்வெர்ட்டரில் இணைத்து வையுங்கள். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

வெளிச்சமும் நீரோட்டமும்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீலம் தூக்கலான ரீஃப் எல்.இ.டி., நாளைக்கு எட்டு மணி நேரம். பார் (PAR, பவளத்தின் நுண்பாசி பயன்படுத்தும் ஒளியின் அளவு) 50 முதல் 150 வரை போதும். மஷ்ரூமுக்கு 50 பக்கம், லெதருக்கு 100-க்கு மேல். நீரோட்டம் ஒரே திசையில் அடிக்காமல் மாறி மாறி வர வேண்டும். பாலிப்கள் அசைந்தாடினால் சரி. ஒரே பக்கம் சாய்ந்து படுத்தால் அதிகம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும்

அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் குறைத்துவிட்டு, பையைத் திறக்காமல் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். அப்புறம் ஒரு சின்ன வாளிக்கு மாற்றி, காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். அடுத்து இன்னொரு பாத்திரத்தில் தொட்டித் தண்ணீர் எடுத்து, பவளக் குளியல் மருந்தை லேபிளில் சொன்ன அளவில் கலந்து, சொன்ன நிமிடம் மட்டும் முக்கி எடுங்கள். சிரிஞ்சில் மெல்ல நீர் பீச்சினால் ஜோவாவைத் தின்னும் ஓடில்லாத சின்ன நத்தைகள், தட்டைப் புழுக்கள் கீழே விழும். முட்டைகள் மருந்தில் சாகாது. துண்டின் அடியையும், அது ஒட்டியிருக்கும் சின்னக் கட்டியான பிளக்கையும் பார்த்துச் சுரண்டி எடுங்கள். ஸீனியா மருந்துக்கு மிகவும் கூசும், அதற்குக் குளியலைக் குறைவாக வையுங்கள். பை தண்ணீர், வாளித் தண்ணீர், மருந்துத் தண்ணீர் எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது.

முதல் வாரம் எல்லாவற்றையும் தரையை ஒட்டியே வையுங்கள், பிறகு மெல்ல மேலே ஏற்றுங்கள். லெதர் வளர்ந்தால் எவ்வளவு விரியும் என்று எண்ணி சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். ஜி.எஸ்.பி.யையும் ஸீனியாவையும் முக்கியப் பாறையில் ஒட்டாதீர்கள். மணலின் நடுவே தனிக் கல்லில் வைத்தால் கட்டுக்குள் இருக்கும். பெரிய பாறையில் படர்ந்த ஜி.எஸ்.பி.யை உரித்து எடுப்பது ஓயாத வேலை.

இப்போது பேலித்தோவா. இதிலும் சில ஜோவாக்களிலும் பேலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கக்கூடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவோ சுரண்டவோ வேண்டாம். அது ஒட்டிய பாறையை வெந்நீரில் போடுவதும் கொதிக்கவைப்பதும் கூடவே கூடாது. ஆவியும் தெறிக்கும் துளியும் வழியாக விஷம் மூச்சில் போய்விடும். கையாண்ட பிறகு வாயில் கசப்பு, காய்ச்சல், தசைவலி, மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், பேலிடாக்சின் என்று பெயரைச் சொல்லுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பேலித்தோவாவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மூடிக்கொண்டால் பயப்படலாமா

புதியவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இது: “அண்ணே, லெதர் நேத்து வரை நல்லா விரிஞ்சிருந்துச்சு, இப்போ சுருங்கி மெழுகு பூசினாப்ல இருக்கு. செத்துருச்சா?”

பெரும்பாலும் சாகவில்லை. சார்கோஃபைட்டன் தன் மேல்தோலை அவ்வப்போது உரிக்கும், பாம்பு சட்டை உரிப்பது மாதிரி. முதல் நாள் பாலிப் ஒன்றுகூட வெளியே வராது. அடுத்து தொப்பி முழுக்கப் பளபளப்பான படலம் போர்த்தியிருக்கும், அதில் பாசியும் தூசும் படியும், நிறம் மங்கும். சில நாளில் படலம் ஓரத்தில் இருந்து கிழிந்து, ஜவ்வுத் துண்டாக நீரோட்டத்தில் ஆடி ஆடிக் கழன்று போகும். அடியில் புதிய தோல் சுத்தமாக இருக்கும், பாலிப்கள் முன்னைவிட நீளமாக வரும். ஒரு வாரம் ஆகலாம், சிலவற்றுக்கு இரண்டு வாரமும் ஆகும். புதிய இடம், கூடிய வெளிச்சம், பெரிய அளவில் தண்ணீர் மாற்றியது எல்லாம் இதைத் தூண்டும். நீங்கள் செய்ய வேண்டியது நீரோட்டம் அதன் மேல் நன்றாகப் படுகிறதா என்று பார்ப்பது மட்டும். கையால் உரிக்காதீர்கள். இடம் மாற்றாதீர்கள், மாற்றினால் கணக்கு மறுபடி முதலில் இருந்து தொடங்கும்.

அழுகல் வேறு. ஓரிடத்தில் மட்டும் கருத்தோ பழுத்தோ குழைந்திருக்கும், பழுப்பு ஜெல்லி கசியும், வெளியே எடுத்து முகர்ந்தால் அழுகிய வாடை வரும். தோல் உரிக்கும் லெதர் தொட்டால் கெட்டியாக இருக்கும், அழுகுவது விரலுக்குள் பிசையும். அழுகல்தான் என்றால் காத்திருக்காமல் தொட்டிக்கு வெளியே எடுத்து, கூரிய பிளேடால் நல்ல சதையில் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டி, அயோடின் குளியல் கொடுத்து, நல்ல பகுதியை மட்டும் திரும்ப வையுங்கள்.

ஜி.எஸ்.பி. இடம் மாறினால் ஒரு வாரத்துக்கு மேலும் ஊதாப் பாயாகவே கிடக்கும், பாய் கெட்டியாக இருக்கும்வரை கவலை இல்லை. மஷ்ரூம் சுருங்கினால் வெளிச்சம் அதிகம், நிழலுக்கு மாற்றுங்கள். ஜோவா தண்டு நீண்டு ஒல்லியானால் வெளிச்சம் குறைவு. ஸீனியா மட்டும் ஒரே இரவில் கரைந்து போகக்கூடியது. கரைய ஆரம்பித்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் கெடும்.

எல்லாப் பவளமும் ஒரே நேரத்தில் மூடினால் பவளத்தைப் பார்க்காதீர்கள், தண்ணீரைச் சோதியுங்கள். உப்பு, சூடு, அமோனியா என்ற வரிசையில்.

வாரா வாரம்

பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். நம் தொட்டிக்கு 16 லிட்டர், உப்பு ஏறக்குறைய 600 கிராம். முந்தைய நாளே கலந்து, மோட்டார் போட்டுச் சுற்றவிட்டு, தொட்டியின் சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். நைட்ரேட் 5 முதல் 15 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். இருக்கட்டும். இரண்டையும் பூஜ்யமாக்கத் துடிக்காதீர்கள், மென்பவளம் மெலியும், டைனோ என்ற பழுப்புச் சளி வந்து படியும். காரத்தன்மை 8 முதல் 10 டி.கே.எச்., கால்சியம் 400 பி.பி.எம்.-க்கு மேல். மென்பவளம் மட்டும் உள்ள தொட்டியில் தண்ணீர் மாற்றுவதே இவற்றைப் பெரும்பாலும் தாங்கிவிடும்.

ஆக்டிவேட்டட் கார்பனை மறக்காமல் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். லெதர்கள் பக்கத்தில் உள்ளவற்றின் வளர்ச்சியை அடக்க டெர்பீன் வகை வேதிப்பொருட்களைத் தண்ணீரில் விடும், கண்ணுக்குத் தெரியாது. கார்பன் அதைப் பிடித்துக்கொள்ளும். தோல் உரிக்கும் வாரத்திலும், வெட்டிய அன்றும் கார்பன் புதிதாக இருந்தால் நல்லது.

தனியாக உணவு கொடுக்க அவசியமில்லை. மீனுக்குப் போடுவதில் இருந்தும் வெளிச்சத்தில் இருந்தும் தேவையானது கிடைக்கும். மீனுக்கு நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீனை வேறு தொட்டிக்கு மாற்றி வைத்தியம் பாருங்கள்.

வெட்டி நடுவது

ஆறேழு மாதத்தில் லெதர் பெருத்துவிட்டால் வெட்டலாம். வாளியில் தொட்டித் தண்ணீர் எடுத்து, அதில் வைத்துத் தொப்பியின் ஓரத்தில் இருந்து ஒரு துண்டை ஒரே வீச்சில் வெட்டுங்கள். சளி நிறைய வரும், அதனால் பசை பிடிக்காது. துண்டைச் சின்னக் கல்லில் வைத்து மெல்லிய வலைத்துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். அழுத்திக் கட்டினால் அறுந்துபோகும். நீரோட்டம் குறைந்த இடத்தில் இரண்டு மூன்று வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். மஷ்ரூம் துண்டுகளைக் கல்பொடி நிறைந்த கிண்ணத்தில் போட்டு வலை மூடி வைத்தால் தானே ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

கொடுத்து அனுப்பும்போது பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. தெர்மோகோல் பெட்டியில் வைத்தால் மார்த்தாண்டத்தில் இருந்து திருவனந்தபுரமோ நாகர்கோவிலோ பஸ்ஸில் தாராளமாகப் போகும். பையின் மேல் இனத்தின் பெயரையும், உங்கள் தொட்டியில் அது இருந்த உயரத்தையும், உப்பு அளவையும் எழுதி ஒட்டுங்கள். வாங்குகிறவர் எங்கே வைப்பது என்று தேட வேண்டியிருக்காது.